மச்சு பிச்சுவை உலகுக்குக் காட்டிய ஹிராம் பிங்காம்

1911 ஜூலை 24. பெரு நாட்டின் உருபம்பா ஆற்றங்கரையில் காலையிலிருந்தே தூறல். எதிரே உள்ள மலையின் மேல் பழைய இடிபாடுகள் இருப்பதாக மெல்சோர் அர்தேயாகா என்ற உள்ளூர் விவசாயி சொல்லியிருந்தார். ஆனால் மேலே ஏற யாருக்கும் மனமில்லை. ஆய்வுக்குழுவின் மருத்துவருக்குத் துணி துவைக்கும் வேலை இருந்தது. இயற்கை ஆய்வாளருக்கோ ஆற்றோரப் பட்டாம்பூச்சிகளே போதும் என்றாகிவிட்டது.

அர்தேயாகாவுக்கு ஒரு சோல் கூலி பேசிப் புறப்பட்டவர் குழுத்தலைவர் ஹிராம் பிங்காம். துணைக்கு ஒரு சார்ஜன்ட் மட்டுமே வந்தார். மரக்கட்டைகளைக் கொடிகளால் கட்டிய பாலத்தை மற்ற இருவரும் காலணியைக் கழற்றிவிட்டுக் கடந்தனர். பிங்காம் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்தே அக்கரை சேர்ந்தார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் செங்குத்தான ஏற்றம். மேலே ஆளில்லாத காடு இல்லை, குடிசைகள் இருந்தன. ரிச்சார்தே, அல்வாரெஸ் குடும்பத்தினர் இன்கா மக்கள் கட்டிய படிக்கட்டு வயல்களிலேயே பயிர் செய்து வந்தனர். தண்ணீரும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்து உபசரித்தனர். அங்கிருந்து பிங்காமை அழைத்துச் சென்றவன் ஒரு சிறுவன். புதரும் கொடியும் மூடிய வெள்ளைக் கருங்கல் சுவர்களை அவன்தான் காட்டினான். அதுதான் 2,430 மீட்டர் உயரத்தில் உள்ள மச்சு பிச்சு.

பிங்காம் 1875ஆம் ஆண்டு ஹவாயின் ஹொனலூலுவில் பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தொல்லியல் படித்தவர் அல்லர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தென்னமெரிக்க வரலாறு கற்பித்தவர். 1909இல் பெருவில் பயணம் செய்தபோது, ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள சோக்கெகிராவ் இடிபாடுகளைக் காண நேர்ந்தது. மலையும் இடிபாடும் அன்று முதல் அவரைப் பிடித்துக்கொண்டன. 1572 வரை ஸ்பானியர்களை எதிர்த்து நின்ற இன்காக்களின் கடைசித் தலைநகரான வில்கபம்பாவைத் தேடியே மீண்டும் வந்தார்.

மச்சு பிச்சுதான் அந்த வில்கபம்பா என்று பின்னாளில் உறுதியாக நம்பினார். அது தவறு. உண்மையான இடம் காட்டுக்குள் உள்ள எஸ்பிரிட்டு பம்பா என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. வேடிக்கை என்னவென்றால், அதே 1911இல் பிங்காம் அங்கும் போயிருந்தார். சில சுவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்! மச்சு பிச்சுவோ 15ஆம் நூற்றாண்டில் பேரரசர் பச்சகூட்டி தமக்காகக் கட்டிய அரச இருப்பிடம் எனக் கருதப்படுகிறது.

அவரைக் கண்டுபிடிப்பாளர் என்று அழைப்பதும் சரியாகாது. 1902இலேயே அங்கு வந்த அகுஸ்தின் லிசாராகா என்ற விவசாயி, சுவரில் கரியால் தம் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார். பிங்காம் அதைக் கண்டு குறித்தும் வைத்தார். ஆனால் காலப்போக்கில் அவருடைய எழுத்துகளில் அந்தப் பெயர் மங்கிப்போனது. லிசாராகா 1912இல் ஆற்றில் மூழ்கி இறந்தார். புகழ் எதையும் அவர் பார்க்கவில்லை.

அதே 1912இல் பிங்காம் திரும்பிவந்து காட்டை வெட்டி, அகழ்ந்து, படம் எடுத்தார். 1913 ஏப்ரல் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் முழுவதும் அவருடைய கட்டுரைக்கே ஒதுக்கப்பட்டது. உலகம் அறிந்தது அதன் பிறகுதான்; அந்தப் பெருமை அவருக்கே உரியது. ஆனால் எலும்புகளும் பானைகளுமாக ஆயிரக்கணக்கான பொருள்கள் யேலுக்குப் போய்ச் சேர்ந்தன. பெரு பல ஆண்டுகள் போராடி, 2011இல்தான் அவை திரும்பத் தொடங்கின.

பின்னர் அரசியலில் இறங்கிய பிங்காம், 1925இல் ஒரே நாள் கனெக்டிகட் மாநில ஆளுநராக இருந்துவிட்டு 1933 வரை செனட்டராகப் பணியாற்றினார். 1929இல் செனட் சபையின் கண்டனத்துக்கும் ஆளானார். 1956இல் காலமானார்.

குஸ்கோ நகரம் 3,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே மூச்சுத் திணறுபவர்களுக்கு மச்சு பிச்சு சற்றுச் சுலபம். ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏறும் வளைவுச் சாலைக்கு 1948இல் பிங்காமின் பெயர் சூட்டப்பட்டது. பஸ்கள் அதில்தான் ஏறுகின்றன. நடந்து போக விரும்புவோருக்கு, அந்த வளைவுகளை ஊடறுத்துச் செல்லும் கற்படிகள் உள்ளன.