பொஸ்பரஸ் கரையில் ஒரு பெண்கள் கல்லூரி: மேரி மில்ஸ் பற்றிக் அம்மையார் (1850–1940)

அமெரிக்கன் மிசன் என்றதும் உடுவிலும் வட்டுக்கோட்டையும் மானிப்பாயுமே எமக்கு நினைவுக்கு வரும். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையொன்றை ஆரம்பித்த அந்தச் சபை, சற்றேறக்குறைய அதே காலத்தில் துருக்கி சுல்தானின் நாட்டுக்கும் ஆட்களை அனுப்பத் தொடங்கியிருந்தது. இதை நான் பாடசாலையில் படிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்னர் மருத்துவ மாநாடொன்றுக்காக இஸ்தான்புல் சென்றபோது, பொஸ்பரஸ் நீரிணையில் படகில் போகையில், அர்னாவுத்கோய் என்னும் இடத்துச் சரிவில் மரங்களுக்கிடையே தெரிந்த கட்டடங்களைக் காட்டி, அது தான் படித்த பாடசாலை என்று அந்நாட்டு வைத்தியர் ஒருவர் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் எமது பழைய மாணவிகளின் குரலே கேட்டது. ஊர் திரும்பிய பின் அந்தக் கல்லூரியைப் பற்றித் தேடிப் படித்தேன். அதைக் கட்டி எழுப்பியவர் எமக்கு அந்நியர் அல்லர் என்று தோன்றியதால் அவரைப் பற்றி இம்மலரில் எழுதுகிறேன்.

மேரி மில்ஸ் பற்றிக் 1850ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிறந்தார். குடும்பம் ஐயோவாவுக்குக் குடிபெயர்ந்தது. 1869இல் அங்கே படிப்பை முடித்தவர், 1871இல், தமது இருபத்தொராவது வயதில், மிசன் ஆசிரியையாக கிழக்குத் துருக்கியிலுள்ள எர்சுருமுக்குப் புறப்பட்டார். ரயில் எட்டாத மலைநாடு அது. கடுங்குளிர். பிள்ளைகள் பெரும்பாலும் ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள். ஆகவே முதல் வேலையாக ஆர்மீனிய மொழியைப் பேச்சு வழக்கிலும் பழைய இலக்கிய வழக்கிலும் கற்றார்.

முஸ்லிம் நாட்டுக்குப் போன மிசனரிமார் ஏன் ஆர்மீனியரிடமும் கிரேக்கரிடமும் நின்றுகொண்டார்கள்? இஸ்லாத்தை விட்டு மதம் மாறியவருக்கு அந்நாட்டில் நெடுங்காலம் மரண தண்டனை இருந்தது. 1844இல் அத்தகைய தண்டனைகளை நிறுத்துவதாக சுல்தான் வாக்களித்த பின்னரும் உயிராபத்து நீங்கவில்லை. எனவே மிசனின் உழைப்பெல்லாம் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாயிருந்தவர்களிடமே செலவாயிற்று. இந்த இக்கட்டு பற்றிக் அம்மையாரின் வாழ்நாள் முழுவதும் அவருடன் வந்தது.

1875இல் தலைநகரான கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு மாற்றப்பட்டார். ஆசியக் கரையிலுள்ள ஸ்கூட்டாரியில் மிசனின் பெண்கள் உயர்தரப் பாடசாலை இருந்தது. 1883இல் அதன் இணை அதிபர், 1889இல் தனி அதிபர். விடுமுறைக் காலங்களில் ஓய்வெடுக்கப் போகாமல் கிரேக்கக் குடும்பங்களுடன் தங்கிக் கிரேக்கம் பழகினார். அடுத்த வருடமே, 1890இல், மசாசூசெற்ஸ் மாநிலத்தின் சாசனம் பெற்றுப் பாடசாலையைப் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்த்திவிட்டார். சுல்தானின் தலைநகரில் பெண்களுக்குக் கலைமாணிப் பட்டம்! எமது பாட்டிமாரின் பாட்டிமார் அடுக்களையில் இருந்த காலம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பின்னர் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கல்லூரியை நடத்திக்கொண்டே, கிடைத்த இடைவேளைகளில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் படித்து, 1897இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வயது நாற்பத்தேழு. ஒரு மிசனரிப் பெண்மணி வேதாகமத்தையோ சபை வரலாற்றையோ ஆராய்ந்திருப்பார் என்றுதான் எவரும் எண்ணுவர். அவர் எடுத்துக்கொண்டது கிரேக்க ஐயவாதம். எதையும் முடிந்த முடிபாகச் சொல்லிவிட மறுத்த தத்துவஞானிகளின் மரபு. அதிலும் செக்ஸ்துஸ் எம்பிரிக்குஸ் என்பவரை. அவர் ஒரு வைத்தியர். நோயாளியில் கண்ணுக்குத் தெரியும் குறிகளுக்கு அப்பால் மறைந்திருக்கும் காரணங்களைப் பற்றி உறுதியாகப் பேசுவதை அவர் விரும்பவில்லை. வார்ட்டில் நோயாளியைப் பார்க்கும் முன்னரே நோயைத் தீர்மானித்துவிடும் எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல பாடம்தான். அந்த ஆராய்ச்சி 1899இல் நூலாக வெளிவந்தது.

தமது விசுவாசத்தை அவர் தளர்த்திக்கொண்டார் என்று நான் இதனால் சொல்ல வரவில்லை. ஆனால் தன்னிடம் வரும் பிள்ளையின் உள்ளத்தில் என்ன இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்காத ஒரு பொறுமை அவரிடம் வளர்ந்திருந்தது. அந்தப் பொறுமைக்கு விரைவில் சோதனை வந்தது.

இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சி அது. எங்கும் ஒற்றர்கள். முஸ்லிம் பிள்ளைகள் வெளிநாட்டவரின் பாடசாலைகளுக்குப் போகக்கூடாது என்பது அரண்மனையின் கட்டளை. அரண்மனையிலேயே உத்தியோகம் பார்த்த ஒருவர் துணிந்து தம் மகளை ஸ்கூட்டாரிக்கு அனுப்பினார். கட்டளை வந்து பிள்ளை இடையில் நிறுத்தப்பட்டாள். வீட்டில் ஆசிரியர்களிடம் படித்து, 1899இல் திரும்பவும் கல்லூரிக்கு வந்து, 1901இல் பட்டம் பெற்றாள். அவள்தான் பிற்காலத்தில் துருக்கியின் பெயர்பெற்ற நாவலாசிரியை ஹலிதே எடிப். 1919இல் அந்நியப் படைகள் நாட்டைப் பங்குபோட்டபோது சுல்தான் அஹ்மத் சதுக்கத்தில் பெருந்திரளான மக்கள் முன் எழுந்து பேசியவர். பின்னர் அனத்தோலியா சென்று முஸ்தபா கெமாலின் போராட்டத்தில் சேர்ந்தவர். கல்லூரியில் வேதாகமம் கேட்டவர், சாகும்வரை முஸ்லிமாகவே வாழ்ந்தார்.

மிசன் கணக்கில் இது தோல்வி. அதிபரின் கணக்கில் அப்படி அல்ல. 1905இல் ஸ்கூட்டாரியில் பிரதான கட்டடமொன்று தீயில் அழிந்தபோது, எரிந்ததைத் திருப்பிக் கட்டுவதோடு நிற்க அவருக்கு மனமில்லை. ஐரோப்பியக் கரையில் பெரிய கல்லூரி ஒன்றையே விரும்பினார். 1908இல், துருக்கியில் அரசியலமைப்பு மீண்டும் நடைமுறைக்கு வந்த அதே வருடம், கல்லூரி மிசன் சபையிலிருந்து விலகிப் புதிய சாசனத்துடன் தனி நிர்வாகத்தின் கீழ் வந்தது. 37 வருடங்கள் தன்னை அனுப்பி, உணவிட்டு, நம்பியிருந்த சபையை விட்டுப் பிரிவது எளிதாயிருந்திருக்காது. நாட்டில் தடை தளர, முஸ்லிம் பெண்பிள்ளைகள் கூடுதலாக வரத் தொடங்கினார்கள். 1914இல் கல்லூரி அர்னாவுத்கோயின் புதிய கட்டடங்களுக்கு இடம்பெயர்ந்தது.

அவர் எடுத்தது சரியான முடிவா என்பதற்கு வரலாறு வைத்த ஒரு சான்று உண்டு. 1928இல் பூர்சா நகரிலிருந்த அமெரிக்க மிசன் பெண்கள் பாடசாலையில் துருக்கிய மாணவிகள் சிலர் கிறிஸ்தவத்தைத் தழுவியதாகத் தெரியவர, அரசு அப்பாடசாலையை மூடிவிட்டது. பொஸ்பரஸ் கரையிலுள்ளது மூடப்படவில்லை. சுவிசேஷத்தைச் சொல்லாமல் விட்டுத்தான் கல்லூரியைக் காப்பாற்றினார் என்று குறை சொல்வோர் இருக்கலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் மூடிய கதவுக்குப் பின்னால் எந்தப் பிள்ளை எதைக் கேட்டிருக்கப் போகிறாள்?

துருக்கியர் மட்டும் அங்கே படிக்கவில்லை. 1891இல் பட்டம் பெற்ற செவஸ்தி கிரியாசி என்ற அல்பானியப் பெண், அதே வருடம் தன் நாட்டுக்குப் போய் கோர்ச்சா நகரில் அல்பானிய மொழியில் பெண்கள் பாடசாலை தொடங்கினார். 1912இல் பால்கன் போர் மூண்டபோது, தகப்பன்மாரும் சகோதரர்களும் எதிரெதிர் அணிகளில் நிற்க, பல்கேரிய, கிரேக்க, துருக்கிய மாணவிகள் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அந்த விடுதிச் சாப்பாட்டு மண்டபத்தின் மௌனம் எப்படி இருந்திருக்கும் என்று இலங்கையில் வளர்ந்த எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1915இல், இளம் ஆசிரியையாக அவர் வாழ்ந்த எர்சுருமின் ஆர்மீனியச் சமூகமே வேரோடு பிடுங்கப்பட்டது. முதலாம் உலகப் போர் முழுவதும், 1917இல் அமெரிக்க உறவு முறிந்த பின்னரும்கூட, கல்லூரி திறந்தே இருந்தது.

வைத்தியர் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1920இல், எழுபது வயதில், அவர் பெண்களுக்கென மருத்துவப் பிரிவொன்றை ஆரம்பித்தார். நாட்டின் மருத்துவ பீடம் அப்போது பெண்களைச் சேர்ப்பதில்லை, 1922இல்தான் சேர்த்தது. இந்தப் பிரிவு 1924இல் மூடப்பட்டது. அதற்குள் அங்கே கற்பிக்க வந்தவர்களில் ஒருவர் சஃபியே அலி. அதே கல்லூரியில் 1916இல் பட்டம் பெற்று, ஜேர்மனியில் மருத்துவம் படித்துத் திரும்பி, 1923இல் இஸ்தான்புல்லில் வைத்தியம் பார்க்கத் தொடங்கிய முதல் துருக்கியப் பெண் வைத்தியர். ஆண் வைத்தியர்கள் வாங்கும் அதே கட்டணத்தைத் தானும் கேட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். நான் படித்து முடித்த காலத்திலும் அது சிறிய காரியமாக இருக்கவில்லை!

1924இல் பற்றிக் அம்மையார் ஓய்வுபெற்று அமெரிக்கா திரும்பினார். வந்தபோது இருந்த சுல்தானையும் சேர்த்து ஐந்து சுல்தான்களைக் கண்டவர். புறப்பட்டபோது அங்கே சுல்தானே இல்லை, குடியரசு இருந்தது. அதை வைத்தே தமது நினைவு நூலுக்குப் பெயரிட்டு 1929இல் வெளியிட்டார். கல்லூரி வரலாற்றை 1934இல் எழுதினார். 1940 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் பாலோ அல்ற்றோவில் காலமானார். கெமாலுடன் முரண்பட்டு நீண்டகாலம் வெளிநாடுகளில் வாழ்ந்த ஹலிதே எடிப் அதற்கு முந்திய வருடம்தான் நாடு திரும்பியிருந்தார். ஆசிரியை மறைந்த அதே 1940இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத் துறையைப் பொறுப்பேற்று வகுப்பெடுக்கத் தொடங்கினார்.