ஹவாய் சிப்பாய் ஹர்ஜிந்தர் சிங்

மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நம்மில் பாதிப் பேர் ராஜபாளையம் மில்களில் மெயின்டனன்ஸில் காலம் தள்ளியவர்கள். அதனால் நம்ம தொழில்காரர் ஒருவரைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. ஏர் வைஸ் மார்ஷல் ஹர்ஜிந்தர் சிங். விமானப்படையில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். நம் ஊர்ப் பக்கம் சொன்னால், யாருப்பா அவர் என்பார்கள்.

பிறந்தது 1909-ல். லாகூரில் மெக்லகன் இன்ஜினீயரிங் கல்லூரி மாணவர். (பிரிவினைக்குப் பிறகு அந்தக் கல்லூரி இந்தப் பக்கம் வந்து, பஞ்சாப் இன்ஜினீயரிங் கல்லூரி என்ற பெயரில் சண்டிகரில் இருக்கிறது.) இன்ஜினீயரிங் படித்தவர் நாற்காலி உத்தியோகம் தேடுவதுதானே வழக்கம்? இவரோ சாதாரண சிப்பாயாகப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பதவிக்குப் பெயர் ஹவாய் சிப்பாய். ஹவாய்த் தீவு இல்லை ஐயா, இந்தியில் 'ஹவா' என்றால் காற்று.

ஏன் அப்படிச் செய்தார்? இந்திய இளைஞர்கள் சிலரை விமானியாக்க இங்கிலாந்தின் கிரான்வெல்லுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆனால் விமானத்தைக் கழற்றி மாட்ட இந்தியர்கள் முன்வராவிட்டால், இந்திய விமானப்படை என்பது பேச்சோடு போய்விடும். நம்மவன் கையில் எஞ்சினை நம்பிக் கொடுக்கலாமா என்ற சந்தேகம் வெள்ளைக்காரர்களுக்கு நிறையவே இருந்தது. அதற்குப் பதில் சொல்ல, படித்த ஒருவர் கையில் கிரீஸைப் பூசிக்கொள்ள வேண்டியிருந்தது.

1933 ஏப்ரல் 1 அன்று கராச்சி டிரிக் ரோட்டில் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது. வாப்பிட்டி விமானம் 4, அதிகாரிகள் 6, ஹவாய் சிப்பாய்கள் 19. அவ்வளவுதான் படை! இப்போதைய நம் மில்லில் ஒரு ஷிப்டுக்கே அதைவிட அதிக ஆள்.

வாப்பிட்டி இரட்டை இறக்கை, ஒற்றை எஞ்சின் விமானம். வடமேற்கு எல்லை மலைகளுக்கு மேலே அந்த ஒரு எஞ்சின் நின்றுவிட்டால், இறங்குகிற இடம் எதிரியின் இடம். நம் ரிங் ஃபிரேம் நின்றால் நூல் அறும், சூப்பர்வைசர் சத்தம் போடுவார், விஷயம் முடிந்தது. அங்கே அப்படியில்லை. போதாததற்கு ஹவாய் சிப்பாய்களே பின் இருக்கையில் துப்பாக்கியோடு பறக்கவும் போவார்கள். தான் முடுக்கிய நட்டை நம்பித் தானே ஏற வேண்டும். இதைவிடப் பெரிய இன்ஸ்பெக்ஷன் உண்டா?

1942-ல் ஸ்குவாட்ரன் பர்மாவுக்குப் போனபோது அவர் வாரண்ட் ஆபீசர். கையில் இருந்தவை லைசாண்டர்கள், அதாவது வேவு பார்க்கிற மெதுவான விமானங்கள். அவற்றின் இரு பக்கமும் 250 பவுண்டு குண்டு ஒவ்வொன்றைத் தொங்கவிட ஏற்பாடு செய்து, மஜும்தார் தலைமையில் ஜப்பானியர் விமானதளத்தைத் தாக்கினார்கள். அந்த வருடமே ஹர்ஜிந்தர் அதிகாரியாக உயர்ந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தடியில் சறுக்குக் கட்டையோடு நிற்கிறவரை யார் பார்க்கிறார்கள்? தேர் முட்டிக்கொண்டால் மட்டும் அவர் ஞாபகம் வரும். இவர் கடைசிவரை அந்த இடத்தில்தான் நின்றார், பதவி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

சுதந்திரத்துக்குப் பின் கான்பூர் பணிமனை, பிறகு பராமரிப்புப் பிரிவின் தலைமை. 'கான்பூர்-1' என்று நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை அங்கேயே கட்டினார்கள். அடுத்தது ஆவ்ரோ 748. ரிப்பேர் செய்கிறவன் விமானம் கட்டுவானா என்று கேட்டவர்கள் உண்டு. 1961 நவம்பர் 1 அன்று கான்பூரில் பூட்டிய முதல் ஆவ்ரோ பறந்தது. அதற்கு வைத்த பெயர் 'சுப்ரதோ'. கராச்சியின் அந்த ஆறு அதிகாரிகளில் ஒருவராகத் தொடங்கி, விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியான சுப்ரதோ முகர்ஜி, அதற்கு முந்தைய வருடம்தான் டோக்கியோவில் காலமாகியிருந்தார்.

ஹர்ஜிந்தர் 1963-ல் ஓய்வு பெற்றார், 1971-ல் மறைந்தார். அவருடைய நினைவுக்குறிப்புகள் 1977-ல் 'பர்த் ஆஃப் அன் ஏர் ஃபோர்ஸ்' என்ற பெயரில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. நம்ம கல்லூரி நூலகத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. சங்கத்தார் மனம் வைத்து ஒரு பிரதி வாங்கிப் போட்டால், மெக்கானிக்கல் பிரிவுப் பிள்ளைகள் படிப்பார்கள்.