உலகின் முதல் சுரங்க ரயில்... கனவு கண்டவருக்கு ஏறிப் பார்க்கக் கொடுத்து வைக்கலை! யார் இந்த சார்லஸ் பியர்சன்?

1863 ஜனவரி 10. லண்டனில் பேடிங்டன் - ஃபாரிங்டன் இடையே உலகின் முதல் சுரங்க ரயில் மக்களுக்காக ஓடத் தொடங்கியது. முதல் நாளே கூட்டம் அலைமோதியது. ஆனால், அதற்காக 17 ஆண்டுகள் மல்லுக்கட்டிய சார்லஸ் பியர்சன் அப்போது உயிரோடு இல்லை.

யார் இவர்?

1793இல் பிறந்த வழக்கறிஞர். லண்டனின் மையப்பகுதியான 'சிட்டி' மாநகராட்சியின் சட்ட அதிகாரி.

என்ன பிரச்சினை?

தெருவெல்லாம் குதிரை வண்டி நெரிசல். வெளியூர் ரயில்களோ நகரின் ஓரத்திலேயே நின்றுவிடும். வேலைக்கு நடந்துதான் போகணும் என்பதால், ஏழைகள் நகருக்குள்ளேயே இடுக்கு வீடுகளில் அடைந்து கிடந்தார்கள்.

என்ன செய்தார்?

குறைந்த கட்டணத்தில் ரயில் விட்டால், தொழிலாளி காற்றோட்டமான புறநகரில் குடியிருக்கலாமே என யோசித்தார். 1845இல் திட்டத்தைச் சொன்னபோது கேலிதான் மிச்சம். மனுஷன் விடலை. சிட்டிக்குள் யார், எப்படி வர்றாங்கன்னு ஆள் வைத்து எண்ண வைத்தார். பெரும்பாலானோர் நடந்தே வருவது தெரிந்தது. 1859இல் மாநகராட்சியையே முதலீடு செய்ய வைத்தார்; மறு ஆண்டு வேலை தொடங்கியது. சாலையைத் தோண்டி, தண்டவாளம் போட்டு, மேலே மூடினார்கள். வழியில் இருந்த ஏழைகளின் வீடுகளும் இடிபட்டன.

கனவு பலித்ததா?

ரயில் நிறுவனம் தர முன்வந்த வெகுமதியை மறுத்த பியர்சன், 1862 செப்டம்பர் 14இல் காலமானார். ரயில் ஓட நாலே மாசம்தான் பாக்கி! 1864இல் தொழிலாளர்களுக்கு அதிகாலை மலிவுக் கட்டண ரயில் வந்தது. அவர் கேட்டதும் அதைத்தான்.