ஆண்ட்ரூ பெல்

ஆண்ட்ரூ பெல் (மார்ச் 27, 1753 – சனவரி 27, 1832) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கல்வியாளரும் ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவும் ஆவார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையில் உருவாக்கி இங்கிலாந்தில் பரப்பினார். இது மதராஸ் முறை எனப்படுகிறது. சக மாணவரின் பணியை மாணவரே மதிப்பிடும் இக்கால வகுப்பறை வழக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம்.

இளமை

செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்த பெல், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1774 இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்று தனி ஆசிரியராகப் பணியாற்றினார். 1781 இல் நாடு திரும்பிக் குருப்பட்டம் பெற்றார். 1787 இல் இந்தியா வந்தார்.

சென்னைப் பணி

1789 இல் எழும்பூரில் இருந்த படைவீரர் ஆண் பிள்ளைகள் அனாதை இல்லத்தின் கண்காணிப்பாளரானார். அங்கிருந்தோர் ஐரோப்பியப் படைவீரரின் பிள்ளைகள். இப்பணிக்கு அவர் ஊதியம் பெறவில்லை.

ஒருநாள் உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லுவது தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் பழைய வழக்கமாகும். மணலெழுத்தைத் தம் இல்லத்தில் புகுத்த பெல் முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் வெற்றி பெறவே, பிற வகுப்புகளுக்கும் இவ்வழி விரிவாக்கப்பட்டது.

முறையின் அமைப்பு

ஒவ்வொரு வகுப்பிலும் தேர்ந்த மாணவன் ஒருவனும் பின்தங்கியவன் ஒருவனும் இணையாக்கப்பட்டனர். பாடம் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒருவன் செய்த பிழையை அடுத்தவன் திருத்தினால், அவ்விடத்தைத் தான் பெறுவான். இதனால் பிழை உடனுக்குடன் திருத்தப்பட்டது. ஒழுக்கக் குறைகள் ஓர் ஏட்டில் பதியப்பட்டு, மாணவரே அடங்கிய நடுவர் குழுவால் ஆராயப்பட்டன.

இங்கிலாந்தில்

1796 இல் சென்னையை விட்டு நீங்கிய பெல், 1797 இல் தம் சோதனையைப் பற்றி நூலொன்றை வெளியிட்டார். 1798 இல் லண்டனின் ஆல்ட்கேட் பகுதிப் பள்ளி இம்முறையைப் பின்பற்றியது. அதே ஆண்டில் ஜோசப் லங்காஸ்டரும் லண்டனில் ஒத்த முறையில் பள்ளி நடத்தத் தொடங்கினார். முறையை முதலில் கண்டவர் யார் என்பது குறித்து இருவரின் ஆதரவாளரிடையே கடும் சர்ச்சை எழுந்தது. 1811 இல் ஏழைகளின் கல்விக்காகத் தேசியச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் பள்ளிகளில் பெல்லின் முறை பரவியது.

விமர்சனம்

ஆசிரியர் குறைவாக இருந்தும் பலருக்கு எழுத்தறிவு அளிக்க இம்முறை உதவியது. ஆனால் மாணவர் திருத்தியது மனனப் பாடத்தின் சரி, தவறுகளை மட்டுமே. ஆக்கத்தின் தரத்தை எடுத்துரைக்கவும் காரணம் கூறவும் இதில் இடமில்லை. செலவைக் குறைப்பதே பல பள்ளிகளின் நோக்கமாக அமைந்தது. ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டியதில்லை என்று பெல்லே ஒருகாலத்தில் கருதினார். 1846 முதல், பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் முறை இதன் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது.

இறப்பும் நினைவும்

பெல் செல்ட்டன்ஹாமில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஏறத்தாழ 1,20,000 பவுண்டு செல்வத்தைக் கல்விக்கு விட்டுச் சென்றார். அதன் துணையுடன் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833 இல் திறக்கப்பட்ட பள்ளி, இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.