வானொலி தந்த உறவினர் தென்கச்சியார்

அமரர் தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்கள் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். நம் திருச்சபையினரும் அல்லர். ஆயினும் பங்கின் பழைய நாட்களை நினைத்து எழுதப் புகுந்த நாம் அவரை விட்டுவிட்டு எழுத முடியவில்லை. காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், எந்தத் திண்ணையைக் கடந்தாலும் அவர் குரல்தானே நம்மை வரவேற்றது!

இன்றைய அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சிப்பெருமாள்நத்தம் அன்னாரின் சொந்த ஊர். வீரமாமுனிவர் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய ஏலாக்குறிச்சியும் அதே மாவட்டத்தில்தான் உள்ளது. பரமார்த்த குருவையும் சீடர்களையும் காட்டித் தமிழரைச் சிரிக்க வைத்த முனிவர் உழைத்த மண்ணுக்கு அருகிலேயே இவரும் தோன்றினார் என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

வேளாண்மை கற்றுப் பட்டம் பெற்றவர். அரசுப் பணியில் அமர்ந்தும் அதை விட்டுவிட்டு, ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் உழவே தொழிலாக இருந்தார். பின்னர் 1977-இல் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் பண்ணை ஒலிபரப்புப் பணிக்கு வந்தார். அந்நாளில் உழவர் வானொலியை எவ்வளவு நம்பினர் என்பதை இளைஞர் அறியார். 1960-களில் தஞ்சை வயல்களில் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல்லுக்கு, வானொலி வழியே அறிந்ததால், ரேடியோ நெல் என்றே பெயர் வழங்கிற்று. இத்தகைய நேயர்களிடம் அலங்காரப் பேச்சு எடுபடாது. உரம் என்றால் உரம், பூச்சி என்றால் பூச்சி என்று விளங்கச் சொல்ல வேண்டும். தென்கச்சியாரின் எளிய தமிழ் அந்த வயற்காட்டில் விளைந்தது என்பதே நம் எண்ணம்.

பின்பு சென்னை நிலையத்திற்கு வந்தார். அங்கே 1988-இல் தொடங்கிய இன்று ஒரு தகவல் அவரைத் தமிழகம் முழுவதற்கும் உறவினர் ஆக்கியது. சில நிமிடங்களே பேசுவார். மருத்துவம், விஞ்ஞானம், ஞானியர் வாழ்வு, குடும்பச் சச்சரவு என ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்வார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவசரம் அறவே இல்லை. முடிவில் ஒரு வேடிக்கைக் கதை. வீடே சிரிக்கும், அவர் மட்டும் சிரிக்க மாட்டார்! (திருவிழா நாட்களில் ஒலிபெருக்கியை விடாது பிடித்துக்கொள்ளும் நம்மவர் சிலர் அவரிடம் பாடம் கேட்டிருக்கலாம்.)

அந்த வேடிக்கையில் ஓர் இரக்கம் இருந்தது. ஊனமுற்றோரையோ, ஏழையையோ, படியாதவரையோ இகழ்ந்து அவர் சிரிப்பு வாங்கியதாக நமக்கு நினைவில்லை. அடி விழ வேண்டிய இடத்தில் பெரும்பாலும் தம்மையே நிறுத்திக்கொள்வார். அறிவுரை கூறுபவர் தம்மை ஒரு படி மேலே வைத்துக்கொள்வது எளிது. நாமும் மறைக்கல்வி வகுப்பில் அதைச் செய்தவர்களே. அவரோ நம்மோடு திண்ணையில் அமர்ந்து பேசினார். கோபித்துக்கொண்டு பேசாதிருந்த மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டுப் பின் சங்கடப்பட்ட காட்சியை நம் தெருவிலேயே கண்டோம்.

உதவி நிலைய இயக்குநராக உயர்ந்து 2002-இல் ஓய்வு பெற்றார். சன் தொலைக்காட்சியில் இந்த நாள் இனிய நாள் நிகழ்ச்சியிலும் தோன்றினார். அவர் உரைகள் பல தொகுதிகளாக நூல் வடிவம் பெற்றுள்ளன. பயனுள்ள நூல்களே, ஆனால் கதையின் கடைசி வரிக்கு முன் அவர் விடும் அந்தச் சிறு இடைவெளியை அச்சில் ஏற்ற வழியில்லை.

16-9-2009 அன்று சென்னையில் அவர் மறைந்தார். செய்தி வந்த மாலையில் ஆலய முற்றத்தில் நம் பெரியவர்கள் சிலர் கூடி, அவர் சொன்ன கதைகளை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிப் பார்த்தனர். ஒருவராலும் சிரிக்காமல் கதையை முடிக்க இயலவில்லை.