கண்ணாடி வீட்டுக்குள் காற்றை விட்ட தோட்டக்காரர்

வெப்ப நாட்டுச் செடிக்கு வெப்பம்தானே வேண்டும்? எவ்வளவு சூடோ, அவ்வளவு நல்லது! சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பல தோட்டக்காரர்கள் இப்படித்தான் எண்ணினார்கள். கடல் கடந்து, பெரும் செலவில் வந்த செடிகள் அவர்கள் கண்ணெதிரிலேயே வாடி மடிந்தன.

சூடு மட்டும் போதாது. நிழலும் காற்றும் ஈரமும் வேண்டும் என்று செய்து காட்டியவர்களில் ஒருவர் ஜோசப் பாக்ஸ்டன்.

உழவர் வீட்டுப் பிள்ளை

1803-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பெட்போர்டுஷயரில் உள்ள மில்டன் பிரையன் என்ற சிற்றூரில் பாக்ஸ்டன் பிறந்தார். உழவர் குடும்பம். இளம் வயதிலேயே தோட்ட வேலைக்குப் போனார். 1823-ல் லண்டனை அடுத்த சிஸ்விக்கில், தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் சேர்ந்தார்.

பக்கத்து மாளிகை டெவன்ஷயர் பிரபுவுக்குச் சொந்தம். சுறுசுறுப்பான இந்த வாலிபரைப் பிரபுவுக்குப் பிடித்துவிட்டது. 1826-ல் தமது சாட்ஸ்வொர்த் அரண்மனைக்குத் தலைமைத் தோட்டக்காரராக நியமித்தார். சம்பளம் ஆண்டுக்கு 70 பவுன். பாக்ஸ்டனுக்கு அப்போது வயது 22.

அவர் அங்கே போய்ச் சேர்ந்தது அதிகாலை 4.30 மணிக்கு. வாயிற்கதவு திறக்கவில்லை. ஏறிக் குதித்து உள்ளே போனார். தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். 6 மணிக்கு ஆட்களை வேலையில் இறக்கிவிட்டார். காலைச் சிற்றுண்டியின்போது சாரா என்ற பெண்ணைக் கண்டார்; மனம் பறிகொடுத்தார். மறு ஆண்டே திருமணம். பிற்காலத்தில் கணவர் வெளியூர் போகும்போதெல்லாம் தோட்டத்துக் காரியங்களைக் கவனித்துக் கொண்டவர் இந்தச் சாராதான்.

கண்ணாடியின் குணம்

கதவை மூடி வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறினால் என்ன ஆகும்? உடல் வேகும். வெயில் கண்ணாடி வழியே உள்ளே புகுந்துவிடும். உள்ளே பிறந்த சூடு எளிதில் வெளியே போகாது. கண்ணாடி வீடும் அப்படித்தான். குளிர்காலத்தில் அது செடிக்குத் தாய் மடி. கோடையிலோ அதுவே அடுப்பு.

மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடிகள் இந்த அடுப்பில் ஏராளமாகச் செத்தன. செடி பிறந்த இடம் எப்படிப்பட்டது என்று பாக்ஸ்டன் ஆராய்ந்தார். 1835-ல் ஜான் கிப்சன் என்ற தோட்டக்காரர் சாட்ஸ்வொர்த்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் இன்றைய மேகாலயாவின் மலைகளில் அலைந்து, 1837-ல் ஏராளமான ஆர்க்கிட் செடிகளுடன் திரும்பினார். அவை மழையும் மூடுபனியும் உலவும் மலைகளில் வளர்ந்தவை. கொதிக்கும் அறை அவற்றுக்கு ஆகுமா?

எல்லாச் செடிக்கும் ஒரே சூடு என்ற முறையைப் பாக்ஸ்டன் விட்டார். செடிக்குத் தக்கபடி தனித்தனி வீடு, தனித்தனி வெப்பம் என்று பிரித்தார். காற்று வந்து போக வழி செய்தார். நடைபாதையையும் செடி மேடைகளையும் நனைத்து வைக்கச் செய்தார். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். செடிகள் பிழைத்தன, பூத்தன.

கொசுவம் வைத்த கூரை

1840-ல் சாட்ஸ்வொர்த்தில் பெரிய கண்ணாடி வீட்டைக் கட்டி முடித்தார். நீளம் 277 அடி. அகலம் 123 அடி. அதன் கண்ணாடியைத் தட்டையாகப் பதிக்கவில்லை. புடவைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக அமைத்தார். காலையிலும் மாலையிலும் இளவெயில் கண்ணாடியில் நேராக விழும். உச்சிவெயிலோ சாய்வாகப் பட்டுக் கடுமை குறையும்.

1849-ல் கியூ தோட்டத்திலிருந்து தென்னமெரிக்க ராட்சத அல்லியின் நாற்று ஒன்று வந்தது. தொட்டித் தண்ணீர் தேங்கிக் கிடக்காமல், சிறு சக்கரங்களால் அசைந்து கொண்டே இருக்கச் செய்தார் பாக்ஸ்டன். நவம்பரில் அல்லி பூத்தது! மகள் ஆனியை அதன் இலைமேல் நிறுத்தினார். இலை தாங்கியது. இலையின் அடியில் ஓடிய நரம்புகள் அவர் கருத்தைக் கவர்ந்தன.

பளிங்கு மாளிகை

1851-ல் லண்டனில் உலகப் பொருட்காட்சி நடத்தத் திட்டமிட்டார்கள். கட்டடத்துக்கு வந்த 200-க்கு மேற்பட்ட வரைபடங்களில் எதுவும் ஏற்கப்படவில்லை. 1850 ஜூனில், ஒரு ரயில்வே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, மை ஒற்றும் தாளில் ஒரு படம் கிறுக்கினார் பாக்ஸ்டன். அதுதான் பளிங்கு மாளிகை! 1,848 அடி நீளம். சுமார் 3 லட்சம் கண்ணாடிகள்.

இப்போது கண்ணாடிக்குள் இருக்கப் போவது செடிகள் அல்ல, மக்கள்! அதுவும் கோடைக்காலத்தில். செடிகளிடம் கற்ற பாடம் கைகொடுத்தது. கூரைக்கு மேலே கித்தான் துணி விரித்து நிழல் தந்தார். சுவர்களில் திறந்து மூடும் சாய்வுப் பலகைகள் வைத்துக் காற்றை விட்டார். மாளிகைக்குள் அகப்பட்ட பெரிய எல்ம் மரங்களைக்கூட வெட்டவில்லை. அவற்றுக்காகக் கூரையை வளைத்து உயர்த்தினார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தனர். தோட்டக்காரர் சர் ஜோசப் பாக்ஸ்டன் ஆனார். பாராளுமன்றத்திலும் இடம் பெற்றார். 1865 ஜூன் 8-ந்தேதி காலமானார்.

முதல் உலகப் போரின்போது நிலக்கரி கிடைக்காமல் சாட்ஸ்வொர்த் கண்ணாடி வீடு குளிர்ந்தது. செடிகள் மடிந்தன. 1920-ல் அதை இடித்தார்கள். லண்டனின் மற்றொரு பகுதிக்கு மாற்றிக் கட்டப்பட்ட பளிங்கு மாளிகை 1936-ல் தீக்கிரையானது.

கட்டடங்கள் போய்விட்டன. ஆனால் கோடையில் கண்ணாடி வீட்டின்மேல் நிழல்துணி விரித்து, காற்றுவழி திறந்து, தரையை நனைக்கும் தோட்டக்காரர் இன்றும் செய்வது பாக்ஸ்டன் செய்த வேலையைத்தான்.