ஆளும் இல்லை, காசும் இல்லை... சின்னக் குழுக்களை எலா பேக்கர் நிமிர்த்தியது எப்படி?

நாலு பேர் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்குவார்கள். நோட்டீஸ் அடிப்பது, மனு எழுதுவது, வசூலுக்கு அலைவது எல்லாமே கடைசியில் ஒரே ஆள் தலையில் வந்து விழும். அவருக்கு உடம்புக்கு முடியலைன்னா அமைப்பே படுத்துவிடும். அடிமட்டத்தில் இயங்கும் குழுக்களுக்கு உலகம் முழுக்க இதே கதைதான். அரை நூற்றாண்டு காலம் இதற்கு விடை தேடியவர், அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி எலா பேக்கர்.

யார் இவர்?

1903 டிசம்பர் 13-ல் வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக்கில் பிறந்தார். வளர்ந்தது வட கரோலைனாவின் லிட்டில்டன் என்ற சிற்றூர். அடிமையாக இருந்த பாட்டி சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். 1927-ல் ஷா பல்கலைக்கழகத்தில் முதல் மாணவியாகத் தேறி நியூயார்க் போனார். இரண்டே ஆண்டில் பொருளாதாரப் பெருமந்தம். கறுப்பின இளைஞர்களின் கூட்டுறவு இயக்கத்தில் இறங்கினார். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, மொத்தமாகப் பொருள் வாங்கிப் பகிர்ந்துகொள்ளும் முறை அது. இல்லாதவர்களும் ஒன்று சேர்ந்தால் ஏதாவது செய்யலாம் என்ற பாடம் அங்கேதான் கிடைத்தது.

கிளைகளுக்கு உயிர் வந்தது எப்படி?

1940-களில் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் களப்பணி. 1943-ல் கிளைகளின் இயக்குநரானார். பல கிளைகளுக்கு வேலையே தலைமைக்குச் சந்தா வசூலித்து அனுப்புவதுதான். பேக்கர் இதைத் திருப்பிப் போட்டார். தென் மாநிலங்களில் மாதக்கணக்கில் சுற்றி, உங்கள் ஊரில் என்ன பிரச்சினை என்று முதலில் கேட்டார். உள்ளூர்க்காரர்களுக்கு அமைப்பு நடத்தச் சொல்லித்தரும் பயிற்சி முகாம்களையும் நடத்தினார். அப்படி ஒரு முகாமுக்கு வந்தவர்தான் ரோசா பார்க்ஸ். 1955-ல் மான்ட்கோமரி பஸ்ஸில் இருக்கையைவிட்டு எழ மறுத்தவர்.

1958-ல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான எஸ்.சி.எல்.சி. அமைப்புக்காக அட்லான்டா போனபோது அவருக்கு அலுவலகம்கூட இல்லை. பொதுத் தொலைபேசியில் பேசிப் பேசியே 20-க்கும் மேற்பட்ட நகரங்களில் ஒரே நாளில் வாக்காளர் பதிவுக் கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்தார். ஆனால், எல்லாமே ஒரு தலைவரைச் சுற்றி நடப்பது அவருக்கு ஒப்பவில்லை. அந்தத் தலைவர் இல்லாத ஊரில் யார் வேலை செய்வது என்பதே அவர் கவலை.

மாணவர்களிடம் ஏன் பொறுப்பை விட்டார்?

1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் தொடங்கிய உணவக உள்ளிருப்புப் போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. ஆனால், ஊர்களுக்கு இடையே தொடர்பு இல்லை. ஏப்ரலில் தான் படித்த ஷா பல்கலைக்கழகத்திலேயே மாணவர்களைக் கூட்டினார் பேக்கர். கையில் இருந்தது எஸ்.சி.எல்.சி. தந்த 800 டாலர். பெரிய அமைப்பின் இளைஞர் அணியாகாமல் தனித்து நிற்பதுதான் நல்லது என்று எடுத்துச் சொன்னார். எஸ்.என்.சி.சி. பிறந்தது. அலுவலகம்? எஸ்.சி.எல்.சி. இடத்தில் ஒரு மூலை, அவ்வளவுதான்.

பணத்துக்குப் பதில் பேக்கரிடம் இருந்தது 20 ஆண்டு அலைச்சலில் சேர்த்த ஆட்களின் பழக்கம். ஊருக்கு ஊர் நம்பிக்கையான ஆள் யார் என்று அவருக்குத் தெரியும். பாப் மோசஸ் என்ற இளைஞரை அந்தப் பெயர்களோடு மிசிசிப்பிக்கு அனுப்பினார். அங்கே சந்தித்த ஏம்சி மூர் என்ற உள்ளூர்த் தலைவர், வாக்குரிமைதான் எங்கள் முதல் தேவை என்று வழிகாட்டினார். வெளியூர் மாணவர்களுக்குத் தங்க இடமும் சோறும் போட்டவர்கள் அந்தந்த ஊர்க் குடும்பங்கள்தான்.

இது மெதுவான வழி. ஒருமித்த முடிவுக்கு விடிய விடிய பேச வேண்டும். 1961-ல் நேரடிப் போராட்டமா, வாக்காளர் பதிவா என்று அமைப்பு உடையும் நிலை வந்தது. இரண்டையும் செய்யலாமே என்று பேக்கர் சமரசம் பண்ணிவைத்தார்.

பலன் என்ன?

1964-ல் மிசிசிப்பியில் கறுப்பின மக்களில் வாக்காளராகப் பதிந்திருந்தவர்கள் சுமார் 7 சதவீதம். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்குப் பின், 1967-ல் ஏறக்குறைய 60 சதவீதம். சட்டம் கதவைத் திறந்தது. வரிசையில் போய் நிற்க ஊர் ஊராக ஆட்கள் தயாராக இருந்ததற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது.

1986-ல் தன் 83-வது பிறந்த நாளன்று காலமானார் பேக்கர். தான் இல்லாமலும் வேலை நடக்கும்படி ஆட்களை உருவாக்கிவிட்டுத்தான் போனார்.